கதையில் வரும் குடிகாரன்

விக்கிரமங்கலத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசுவதற்காகப் போயிருந்தேன். அரியலூரில் ரெயிலை விட்டு இறங்கியது முதல் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி கூடவே வந்தது. கூட்டத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். 'சிறுகதையில் உண்மை' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கலாம். கதைப் புத்தகம் ஒன்றையும் விடாமல் படிக்கிறவர் என்று கூட்டம் நடத்தியவர்கள் சொன்னார்கள். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கதையைப் பற்றி அவர் பேச்செடுத்தார். அந்தக் கதையில் குடிகாரக் கணவனை மனைவி ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிடுவாள். மூன்று நாள் அன்ன ஆகாரம் இல்லாமல் கதவடியிலேயே உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் அவன் புது மனிதனாக வெளியே வந்து அவள் காலில் விழுவான். பத்திரிகையில் வந்த காலத்தில் அந்தக் கதைக்கு ஏராளமான பாராட்டுக் கடிதங்கள் கிடைத்தன. இந்த அம்மாளும் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

"அதைப் படிச்சிட்டுத்தாங்க ஐயா, நானும் அப்படியே செஞ்சேன்" என்றார்.

அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறவர். பதினைந்து வருஷத்துக் குடி. அறையில் பூட்டிய முதல் நாள் இரவே கைகால் உதறல் எடுத்ததாம். கதையிலும் அவன் நடுங்கினான் அல்லவா, அதனால் பொறுத்துக்கொண்டிருக்கிறார். மறுநாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அந்த மனிதர் அலறினார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் ஓடி வந்து, ஒரு வேனில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது அந்த அம்மாளின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு சந்தேகம்தான் இருந்தது. "கதையில அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையேங்க?" என்று கேட்டார்.

'சிறுகதையில் உண்மை' பற்றி ஒரு மணி நேரம் பேசிய வாய்க்கு இதற்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு டாக்டர் நண்பர்களைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவனுடைய மூளை, மதுவின் அமுக்கத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அந்த அமுக்கம் திடீரென்று நீங்கினால் அது கட்டுமீறிப் போய்விடும். நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை என்று வரிசையாக வரும். முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் உயிர் போவதும் உண்டு. ஆகையால்தான் வைத்தியர்கள் நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்து, கூடவே தயமின் என்கிற வைட்டமினையும் கொடுத்துக் கரையேற்றுகிறார்கள். ஹெராயின் போன்ற அபினி வகைகளில் வேறு விதமான ஆபத்து. சில வாரம் விட்டிருந்தவன் மறுபடியும் பழைய அளவையே எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு அதைத் தாங்காது, மூச்சு நின்றுவிடும்.

நான் எழுதிய கதை ஒரு கொலைக்கு வழிகாட்டியிருக்கும். நல்ல வேளை, அக்கம்பக்கத்தார் கதை படிக்கிறவர்களாக இல்லை.

இதில் என் பிழை என் ஒருவனுடைய பிழைதானா என்று யோசித்துப் பார்த்தேன். போதைக்கு அடிமையானவனைப் பற்றி நம்முடைய கதைகளும் படங்களும் இதுவரை என்ன சொல்லி வந்திருக்கின்றன? எண்ணிப் பார்த்தால் இரண்டே முடிவுகள்தான் அகப்படுகின்றன. ஒன்று, அவன் சாகிறான். இல்லாவிட்டால், மனைவியின் கண்ணீரைக் கண்டோ குழந்தையின் மழலையைக் கேட்டோ, ஒரே நொடியில் புட்டியைத் தூக்கி எறிந்து திருந்துகிறான். சாகிறவன் காவியம் ஆகிறான். திருந்துகிறவன் நீதிபோதனை ஆகிறான். இரண்டிலும் அவன் நோயாளியாக மட்டும் ஆவதில்லை.

சாகிறவர்களில் தலைசிறந்தவன் தேவதாஸ். சரத்சந்திரரின் நாவல் புத்தகமாக வந்தது 1917ல். 1953ல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தெலுங்கிலும் தமிழிலும் படமாக வந்தபோது, நம் நாட்டில் அழாத கண் இல்லை. சரத்சந்திரர் பெரிய கலைஞர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் கதை நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்ன? குடிக்குக் காரணம் காதல் தோல்வி. குடிப்பது ஒரு வகை விசுவாசம். பார்வதியின் வீட்டு வாசலில் செத்துக் கிடக்கும்போதுதான் அவன்மேல் நமக்குப் பூரண அன்பு பிறக்கும். உயிரோடு இருந்தவரையில் அவனை ஒரு வைத்தியரிடம் விடாமல் அழைத்துப்போய், உடன் இருந்து, மருந்து தின்ன வைப்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்த உபகாரம் என்று எந்த ரசிகரும் சொல்லிக் கேட்டதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும்!

திருந்துகிறவர்களுக்கும், திருந்தாமல் குடும்பத்தை அழிக்கிறவர்களுக்கும் நம்மிடையே வேறொரு பரம்பரை உண்டு. ராஜாஜி 1929ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையையே மதுவிலக்குக்காக நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1937ல் ராஜாஜி பிரதமரானதும் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அவருடைய 'திக்கற்ற பார்வதி' 1974ல் படமாகவும் வந்தது. இந்த எழுத்துக்களை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் துயரத்தை நடுத்தர வகுப்பு வாசகர் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்தவை அவை. ஆயினும் இந்தப் பரம்பரையின் கண் சாராயக் கடையின்மேல் பதிந்திருந்தது. கடையை மூடினால் கஷ்டம் தீரும் என்பது அதன் நம்பிக்கை. கடையை மூடிய அன்று இரவு, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கதி என்ன என்பது அதன் கேள்வி அல்ல. கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் அந்த மனிதன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். ராஜ்யம் முழுவதும் 1948ல் மதுவிலக்கு வந்தது, 1971ல் போயிற்று, 1974ல் திரும்பி வந்தது, பிறகு மறுபடியும் போய், 2003 முதல் சர்க்காரே சில்லறைக் கடை வைத்து விற்கிறது. இத்தனை மாறுதலிலும் நம் கதைகளில் அவனுடைய இரண்டு முடிவுகள் மட்டும் மாறவில்லை.

பிற நாட்டு ஆசிரியர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள் என்று கேட்கலாம். ஜோலா 1877ல் வெளியிட்ட 'லஸ்ஸொம்வார்' நாவலில் கூப்போ என்று ஒருவன் வருகிறான். கூரைக்குத் தகடு அடிக்கிற தொழிலாளி; ஆரம்பத்தில் சாராயத்தைத் தொடாதவன். ஒரு நாள் கூரையிலிருந்து விழுந்து கால் ஒடிகிறது. மாதக்கணக்காகப் படுக்கை. சோம்பலும், தொழிலின்மேல் பயமும், சிநேகிதர்கள் வாங்கிக் கொடுக்கிற குவளையும் சேர்ந்து அவனைக் குடிகாரன் ஆக்குகின்றன. ஜோலாவும் அவனை ஆஸ்பத்திரியில் சித்தப் பிரமையில் சாகத்தான் வைக்கிறார். ஆனால் விழுந்ததை முதலில் காட்டிவிட்டுக் குடித்ததைப் பிறகு காட்டியதால், வாசகரால் அவனை வெறுக்க முடிவதில்லை.

அமெரிக்கரான சார்லஸ் ஜாக்ஸன் 1944ல் எழுதிய 'தி லாஸ்ட் வீக்கெண்ட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு குடிகாரனின் சில நாட்கள்தான் கதை. கடைசியில் அவன் திருந்துவதும் இல்லை, சாவதும் இல்லை. அடுத்த சுற்றுக்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு படுக்கையில் படுத்திருக்கிறான். மறு வருஷமே அது படமாக வந்தபோது, அவன் சிகரெட்டை விஸ்கிக் குவளையில் போட்டு அணைத்துவிட்டுப் புது வாழ்வு தொடங்குவதாக முடிவை மாற்றிவிட்டார்கள். ஹாலிவுட்டும் கோடம்பாக்கமும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

ஆனால் நாம் கற்றுக்கொள்ள பாரிஸுக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை. திருக்குறளில் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம் கள்ளுண்ணாமை. மேடைக்கு மேடை நாம் எடுத்துச் சொல்வது இந்த அதிகாரத்தைத்தான். அதில்கூட நாம் கவனிக்காத ஒன்று உண்டு. குடித்து மயங்கியவனிடம் காரணம் காட்டித் திருத்தப் பார்ப்பதை, தண்ணீரில் முழுகிப்போனவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அதாவது, உபதேசத்தால் இது ஆகாத காரியம் என்று இரண்டாயிரம் வருஷ வழக்கில் வந்த நூலே சொல்லிவிட்டது. நாமோ அந்தக் குறளையே உபதேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கள்ளுண்ணாமைக்கு அடுத்தது சூது. அதற்கும் அடுத்த தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் மருந்து. இந்த வரிசைக்கு உரைகாரர்கள் வேறு காரணம் சொல்லுவார்கள். என்னைப் போன்ற கதைக்காரனுக்குத் தோன்றுவது இதுதான்: நாம் தொண்ணூற்று மூன்றிலேயே நின்றுவிட்டோம், இரண்டு அதிகாரம் தள்ளிப் புரட்டவே இல்லை. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், வைத்தியம் என்பது நான்கு பகுதி சேர்ந்தது என்று வருகிறது. நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுக்கிறவன். இந்த நாலாமவனுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று பரிமேலழகர் பட்டியல் போடுகிறார். நோயாளியிடம் அன்பு வேண்டும். அது மட்டும் போதாது. அறிவும் வேண்டும், சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறமையும் வேண்டும்.

என் கதையில் வந்த மனைவிக்கு அன்பு நிறைய இருந்தது. அறிவை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. என்னிடமே இல்லாததை எப்படிக் கொடுப்பது?

நம் கதைகளில் இந்த நாலாவது ஆள் எப்போதும் மனைவி. அவள் இல்லையென்றால் தாய். அவள் அடிபட வேண்டும், தாலியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், கடைசியில் ஜயிக்கவும் வேண்டும். அடிக்கிற கையை விட்டு விலகிப் போக ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு. அப்படிப் போகிறவள் அன்பில்லாதவள் ஆகிவிட மாட்டாள். நோய் என்று சொல்லிவிட்டால் அடித்ததற்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. நாலாமவனின் பொறுப்பு முழுவதையும் ஒரு பெண்ணின் தோளில் ஏற்றிவிட்டு, ஊர் வேடிக்கை பார்ப்பதுதான் நம் கதைகளின் பெரிய குறை. ஊரின் குறையும் அதுதான்.

ஊர் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. சாந்தி ரங்கநாதன் தம் கணவரை இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980ல் அவர் பெயராலேயே சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். நம் கதைகள் 'முற்றும்' போடுகிற இடத்தில் அவருடைய வேலை ஆரம்பமாயிற்று. பட்டணத்துக்கு வர வசதியில்லாதவர்களை எண்ணி, 1989ல் அன்றைய தஞ்சை ஜில்லாவில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்தில் அவர்கள் ஒரு முகாம் நடத்தினார்கள். பதினைந்து நாள் முகாம். வைத்தியர்களும் ஆலோசகர்களும் பட்டணத்திலிருந்து வருவார்கள். இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஊரார் பொறுப்பு. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் விளக்கிச் சொல்லுவார்கள். முகாம் கலைந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்ப்பார்கள்.

இதில் என்னைக் கவர்ந்தது மருந்தைக் காட்டிலும் அந்தச் சாப்பாடுதான். நேற்றுவரை வசைபாடிய ஊர், இன்று அவனுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறுகிறது. தன் பக்கத்திலேயே, தன்னைப்போலவே நடுங்குகிற பக்கத்து ஊர்க்காரனை அவன் பார்க்கிறான். பிறகு எல்லோருக்கும் தெரிய, அதே தெருவில் நடந்து வீட்டுக்குப் போகிறான். அவன் எங்கே போயிருந்தான் என்று ஒளிக்க வேண்டியதில்லை. வைத்தியத்தின் நாலாவது பகுதியை ஓர் ஊரே ஏற்றுக்கொண்டது என்றால் அது இதுதான்.

இது ஓர் ஊருக்கு நடந்தது. தேசம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகிறது. மத்திய சர்க்காருக்காக டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 2018ல் நடத்திய ஆய்வின் முடிவு 2019ல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். சட்டமாவது நம் கதைகளைக் காட்டிலும் முன்னேறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2017ம் வருஷத்து மனநலச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் வருகிற மனக்கோளாறுகளை நோயென்றே கணக்கில் சேர்க்கிறது. 1985ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டம் உபயோகிப்பவனுக்கும் தண்டனை விதிக்கிறது; ஆனால் சிறு அளவோடு பிடிபட்ட அடிமை தானாகவே சிகிச்சைக்கு முன்வந்தால், அவனை வழக்கிலிருந்து விடுவிக்கவும் அதில் இடம் உண்டு. அந்த வாசல் திறந்திருப்பது எத்தனை பெற்றோர்களுக்குத் தெரியும்? தெரிந்தாலும், பிள்ளை கஞ்சாவோ ஊசியோ போடுகிறான் என்பதை வெளியில் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று அறிவித்ததும், காப்பிக் கடைகளிலும் ரெயில் பெட்டிகளிலும் எழுந்த பேச்சை நானும் கேட்டேன். "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்றார்கள். தகப்பனையோ தாயையோ இழந்து நின்ற குழந்தைகளுக்குச் சேர வேண்டிய பணம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் கேள்வி வேறு. அவர்கள் உயிரோடு இருந்தபோது, மலிவான பாக்கெட்டைத் தேடிப் போகிற நிலைக்கு வருமுன், அவர்களில் எத்தனை பேருடைய வாசலில் யாராவது வந்து நின்று, "வா, உன்னை வைத்தியரிடம் அழைத்துப் போகிறேன்" என்றார்கள்? செத்த பிறகுதான் நாம் அவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்தோம். தேவதாஸுக்கும் அப்படித்தான்.

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைத் தின்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் அவரைக் கடிந்துகொள்வோம். பிறகு டாக்டரிடம் காட்டச் சொல்வோம். அவரை வேலையை விட்டு நீக்க மாட்டோம். அவருடைய பெண்ணுக்கு வரன் தட்டிப் போகாது. குடியை விட்டவன் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் தவறிவிட்டால் மட்டும், "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்கிறோம். தவறுவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தவறி, மறுபடியும் வந்து, மறுபடியும் தவறி, ஒவ்வொரு தடவையும் இடைவெளி சற்று நீள, பலர் கரையேறுகிறார்கள். 1935ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கி, இன்று நம் ஊர்களிலும் நடக்கிற 'ஆல்கஹாலிக்ஸ் அநானிமஸ்' கூட்டங்களில் யாரும் ஆயுசுக்கும் சபதம் செய்யச் சொல்வதில்லை. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு என்கிறார்கள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குகிற நம்முடைய கதைகளுக்கு, இந்த ஒரு நாள் கணக்கு மிகவும் சின்னதாகத் தோன்றும்.

கதைக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சாவும் திடீர்த் திருப்பமும் நல்ல முடிவுகள். வாசகர் மனத்தில் தைக்கும். மாத்திரை சாப்பிடுவதையும், வாரம் ஒரு முறை பஸ் ஏறி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதையும், கல்யாண வீட்டில் "ஒரு நாளைக்கு என்ன, சும்மா குடிடா" என்கிற மைத்துனனுக்குப் பதில் சொல்ல முடியாமல் கொல்லைப் பக்கம் நழுவுவதையும் வைத்து எப்படிக் கதை பண்ணுவது? பண்ண முடியும் என்றே இப்போது நினைக்கிறேன். அந்த மைத்துனனிடம் 'வேண்டாம்' என்று சொல்லுகிற ஒரு நிமிஷத்தில் இருக்கிற போராட்டம், நான் எழுதிய மூன்று நாள் அறை வாசத்தில் இல்லை.

விக்கிரமங்கலத்து அம்மாளிடம் கடைசியாக, "இப்போது அவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்தாங்க. அப்புறம் ரெண்டு தடவை தவறிட்டாருங்க. இப்ப ஏழு மாசமா இல்லை. லாரிக்காரர் மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டார்" என்றார். சற்று நின்று, "தெருவுல இன்னும் குடிகாரர் வீடுன்னுதாங்க அடையாளம் சொல்றாங்க" என்றார்.

அந்தக் கதையை இனிமேல் எந்தத் தொகுதியிலும் சேர்க்க வேண்டாம் என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். அது சுலபமான காரியம். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்ட அந்த லாரிக்காரரைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை தவறினவனிடம் வண்டிச் சாவியை உடனே கொடுக்காமல், முதலில் கிளீனராக ஏற்றி, தினமும் காலையில் முகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை மாதம் கழித்து அவர் சாவியைக் கொடுத்திருப்பார்? அந்த மாதங்களில் அவர் என்ன நினைத்திருப்பார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மறுபடியும் ஒரு தடவை விக்கிரமங்கலத்துக்குப் போய், அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும்.